கியரா, கையா, கிளாஸா? பிவிபி சண்டையில் தோற்றதற்குக் காரணத்தைப் பிரித்துப் பார்ப்பது எப்படி

மின்னல்வாள்:

வணக்கம் நண்பர்களே. பிவிபி, அதாவது ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் மோதும் சண்டை, பற்றிப் பேச்சு எடுத்தாலே மூன்று கட்சி ஆகிவிடுகிறது. கியர் (பாத்திரம் அணியும் ஆயுதம், கவசம்) இருந்தால் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம் என்பது ஒரு கட்சி. கை (விளையாடும் திறமை) சுத்தமாக இருந்தால் கியர் என்ன செய்துவிடும் என்பது இன்னொன்று. அந்த கிளாஸே (பாத்திர வகையே) ஓபி, அளவுக்கு மீறிய பலம், டெவலப்பர்கள் நெர்ஃப் பண்ணி அதைக் குறைக்கும்வரை பேசிப் பயனில்லை என்பது மூன்றாவது. மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு என்று முடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. கணக்காகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எவ்வளவு கியர் வித்தியாசம் வரை விளையாடும் திறமையால் ஈடுகட்ட முடியும்? எந்த இடத்தில் அது முடியாமல் போகிறது, ஏன்? தோற்ற பிறகு காம்பாட் லாக்கை (சண்டையில் நடந்ததை வரிவரியாகக் காட்டும் பதிவை) வைத்து, போனது கியராலா, கிளாஸாலா, கையாலா என்று பிரிக்க வழி இருக்கிறதா? டேப் டார்கெட் வகை (இலக்கை ஒரு பட்டனால் தேர்ந்து அடிக்கும்) விளையாட்டுகளை மனதில் வைத்துக் கேட்கிறேன். மற்ற வகைகளிலிருந்து உதாரணம் வந்தாலும் சந்தோஷம்.

கணக்குப்பிள்ளை:

நல்ல கேள்வி. முதலில் ஒரு தப்புக்கணக்கைச் சரிசெய்துவிடலாம். "எதிரியின் கியர் 20% கூட" என்றதும் அவருக்கு 20% சாதகம் என்றுதான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். கியர் அடிக்கிற பக்கமும் ஏறும், அடி தாங்குகிற பக்கமும் ஏறும். இரண்டும் ஒன்றோடொன்று பெருகும். 1.2 × 1.2 = 1.44. அதாவது சாதகம் 44%.

எண்ணில் பாருங்கள். இரண்டு பேருக்கும் ஹெல்த் 10,000, நொடிக்கு டேமேஜ் 500 என்று வையுங்கள். யாரும் தப்பு செய்யாவிட்டால் 20 நொடியில் இருவரும் ஒன்றாக விழுவார்கள். இப்போது ஒருவருக்கு மட்டும் இரண்டிலும் 20% கூட்டுங்கள்: ஹெல்த் 12,000, டேமேஜ் 600. அவர் எதிரியை 16.7 நொடியில் முடித்துவிடுவார். அந்த நேரத்தில் அவர் வாங்கியிருப்பது சுமார் 8,330. கையில் இன்னும் 3,670 மிச்சம், தன் ஹெல்த்தில் 30 சதவீதத்துக்கும் மேல். பார்ப்பவர் கண்ணுக்கு அது "சுலபமான வெற்றி". காரணம் வெறும் 20% கியர்.

இதைத் திறமையால் ஈடுகட்ட முடியுமா? முடியும், அதற்கும் கணக்கு இருக்கிறது. சண்டை நேரத்தில் எவ்வளவு பங்கு ஒருவர் உண்மையிலேயே அடித்துக்கொண்டிருக்கிறார் என்பதைப் பாருங்கள். அப்டைம் என்று சொல்வது அதைத்தான். கியர் குறைந்தவர் 90% நேரம் அடித்து, எதிரியை ஓடவிட்டு, ஸ்டன் போட்டு (அசையவிடாமல் கட்டி), பார்வைக்கு மறைந்து 62.5 சதவீதத்துக்கு இறக்கிவிட்டால் 90 ÷ 62.5 = 1.44. சரிசமம் ஆகிவிட்டது. நன்றாக விளையாடுகிறவருக்கும் சுமாராக விளையாடுகிறவருக்கும் இந்த இடைவெளி சாதாரணமாக வருவதுதான்.

வித்தியாசம் 50% என்றால் 1.5 × 1.5 = 2.25. எதிரியை 40% அப்டைமுக்கு அமுக்க வேண்டும். கைட் பண்ணத் (தூரம் விட்டு ஓடிக்கொண்டே அடிக்க) தெரிந்தவர் மந்தமான எதிரியிடம் இதைச் செய்துவிடலாம், விவரமானவரிடம் முடியாது. இரண்டு மடங்கு என்றால் 4. எதிரியை 22.5 சதவீதத்தில் வைக்க வேண்டும். அங்கே எதிரி விழித்துக்கொண்டிருந்தாலே போதும், ஜெயித்துவிடுவார்.

இந்த வளைவுக்கு நடுவில் ஒரு பள்ளமும் உண்டு. எதிரியின் ஒரு ஸ்டன் நேரத்துக்குள் விழும் மொத்த டேமேஜ் உங்கள் ஹெல்த்தைத் தாண்டிவிட்டால், நீங்கள் ஒரு பட்டனும் அழுத்தாமலே சாகிறீர்கள். அந்தப் புள்ளிக்கு அப்பால் உங்கள் திறமைக்கு நுழைய வாசலே கிடையாது. "கியர் கேம்" என்று ஒரு விளையாட்டைத் திட்டுகிறவர்கள் பெரும்பாலும் திட்டுவது இந்த ஒரு புள்ளியைத்தான்.

கியர் வாங்கும்போது பார்க்க வேண்டிய இன்னொன்று: எத்தனை அடியில் சாவு. எதிரியின் அடி 1,000 என்றால், ஹெல்த் 9,900 இருந்தால் 10 அடி. 10,050 ஆனால் 11 அடி. 10,050-லிருந்து 10,900 வரை எவ்வளவு செலவழித்தாலும் அதே 11 அடிதான். 150 ஹெல்த் ஒரு அடியை வாங்கித் தந்தது, அடுத்த 850 ஒன்றுமே தரவில்லை. கிரிட்டிக்கல் (தற்செயலாக விழும் பெரிய அடி), ஹீல் (ஹெல்த்தைத் திரும்ப நிரப்புவது) எல்லாம் கலக்கும்போது இந்தப் படிகள் மழுங்கும், ஆனால் மறையாது. துப்பாக்கி விளையாட்டுகளான ஷூட்டர்களில் இது கூர்மையாகத் தெரியும். கவுன்டர் ஸ்டிரைக்கில் ஹெல்மெட் போட்டவரின் தலையில் எம்4 ஒரே குண்டில் கொல்லாது, ஏகே-47 கொல்லும். ஹெல்மெட்டின் மதிப்பு எதிரி கையில் என்ன துப்பாக்கி என்பதைப் பொறுத்தது.

கவச சதவீதத்தைப் படிப்பதிலும் ஏமாறாதீர்கள். 70 சதவீதத்திலிருந்து 80 என்றால் 10 கூடியது போலத் தோன்றும். உள்ளே இறங்கும் அடி 30-லிருந்து 20 ஆகிறது. நீங்கள் தாங்கும் அளவு ஒன்றரை மடங்கு. லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் டேமேஜ் 100 ÷ (100 + ஆர்மர்) என்ற பங்காக இறங்கும். அதனால் ஒவ்வொரு ஆர்மர் புள்ளியும் ஆரம்ப ஹெல்த்தில் 1% கூட்டுவதற்குச் சமம். 100 ஆர்மரில் இரண்டு மடங்கு தாங்கலாம், 200-ல் மூன்று மடங்கு. சதவீதம் 50, 66.7 என்று மெதுவாக ஏறுவதைப் பார்த்து "இனி ஆர்மர் வீண்" என்று நிறுத்துகிறவர்கள் கணக்கைத் தலைகீழாகப் படிக்கிறார்கள்.

நிழலம்பு:

கணக்குப்பிள்ளை "அப்டைம்"னு ஒரே வார்த்தையில தாண்டிப் போயிட்டார். திறமைங்கிறது அந்த வார்த்தைக்குள்ளதான் இருக்கு, கொஞ்சம் பிரிச்சுக் காட்டறேன்.

எதிரி திருட்டு கிளாஸ், மறைஞ்சு வந்து 4 நொடி ஸ்டன் போடுறான்னு வைங்க. அவனோட குளோபல் கூல்டவுன், அதாவது ஒரு பட்டனுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல காத்திருக்க வேண்டிய நேரம், 1 நொடி. 0-ல ஸ்டன், 1, 2, 3-ல மூணு அடி. 4-ல நீங்க எழுந்திருப்பீங்க. இப்ப உங்க கையில ஸ்டன்னை உடைக்கிற ட்ரிங்கெட் இருக்கு, 2 நிமிஷ கூல்டவுன் (மறுபடி தயாராகிற நேரம்). பதட்டத்துல 0.5 நொடியிலயே அதை அழுத்துறவங்கதான் அதிகம். அந்த நேரத்துல பார்க்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: அவன் தலைக்கு மேல டேமேஜ் பஃப் (அடியைக் கொஞ்ச நேரம் ஏத்துற சக்தி) ஐகான் இருக்கா? இல்லேன்னா அந்த மூணு அடியை வாங்கிக்கிட்டு சும்மா நில்லுங்க. ஹெல்த் 60 சதவீதத்துக்கு வரும், பரவாயில்ல. ட்ரிங்கெட் கையில இருக்கிறவரை அவனால முடிக்க முடியாது. 0.5 நொடியில அழுத்தினீங்கன்னா, அவன் பின்வாங்கி, மறுபடி மறைஞ்சு, பஃபை எல்லாம் ஒண்ணா ஏத்திக்கிட்டு வருவான். ரெண்டாவது ஸ்டன்தான் உயிரை எடுக்கும். நீங்க செத்ததா லாக் காட்டுற நேரம் 40-வது நொடியா இருக்கும். தோத்தது 0.5-வது நொடியிலயே.

ஸ்டன் தேய்மானமும் தெரிஞ்சிருக்கணும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ல பல வருஷம் இருந்த விதி: ஒரே வகைக் கட்டுப்பாடு முதல் தடவை முழு நேரம், ரெண்டாவது பாதி, மூணாவது கால், நாலாவது வேலையே செய்யாது. கொஞ்ச நேரம் இடைவெளி விட்டா கணக்கு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். 6 நொடி ஸ்டன்னு வைங்க: 6, 3, 1.5, பூஜ்யம். நல்ல ஆள் இதை மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே இருப்பான். 1.5 நொடி ஸ்டன்னை உடைக்க ட்ரிங்கெட்டைச் செலவழிக்கிறதைவிட வீண் செலவு கிடையாது.

ரியாக்ஷன் பத்தியும் ஒரு தப்பெண்ணம் இருக்கு. கண்ணுல பார்த்து விரல் அசையறதுக்கு மனுஷனுக்கு சுமாரா 200-லிருந்து 250 மில்லிசெகண்ட் ஆகும். எந்த பட்டன்னு முடிவெடுக்கணும்னா இன்னும் கூடும். அதுமேல பிங் (இணையத்துல தகவல் போய்வர ஆகிற நேரம்) 80, சர்வர் டிக் (சர்வர் கணக்கைப் புதுப்பிக்கிற இடைவெளி) 50 சேருங்க. மொத்தம் 400-ஐ நெருங்கிடும். 1.5 நொடி காஸ்ட்டைப் (மந்திரம் போட்டு முடிக்கிறதை) பார்த்துத் தடுக்கலாம். அரை நொடி காஸ்ட்டைப் பார்த்துத் தடுக்கிறது குருட்டு அதிர்ஷ்டம்தான், அதை முன்கூட்டியே கணிக்கணும். அதனாலதான் பொய் காஸ்ட் பலிக்குது: காஸ்ட்டை ஆரம்பிச்சு, அரை நொடிக்குள்ள நகர்ந்து நிறுத்திடுங்க. எதிரியோட இன்டரப்ட் (காஸ்ட்டைத் தடுக்கிற பட்டன்) காத்துல போயிடும். அடுத்த காஸ்ட்டை நிம்மதியா முடிக்கலாம். எவ்வளவு உயர்ந்த கியர் போட்டாலும் இதைக் கொடுக்காது.

சுரங்கக்கப்பல்:

மேலே சொன்னதெல்லாம் ஒண்டிக்கு ஒண்டி சண்டைக்கு. கூட்டச் சண்டையில் முதல் கணக்கு ஆள் எண்ணிக்கை. கியரும் கையும் அதற்குப் பிறகுதான் வரும்.

லான்செஸ்டர் என்ற பொறியாளர் 1916-ல் போர்ப்படைகளுக்காக எழுதிய விதி இங்கே அப்படியே பொருந்தும். எல்லாரும் யாரை வேண்டுமானாலும் அடிக்க முடிகிற சண்டையில், படையின் பலம் ஆள் எண்ணிக்கையின் வர்க்கம் × தனி ஆளின் தரம். 5 பேருக்கு எதிராக 4 பேர் என்றால் 25-க்கு 16, அதாவது 1.5625. கணக்குப்பிள்ளையின் பெருக்கலையே எடுங்கள்: 1.25 × 1.25 = 1.5625. ஆக, ஐந்து பேருக்கு எதிராக ஒரு ஆள் குறைந்தால், மிச்சம் நாலு பேரும் டேமேஜிலும் ஹெல்த்திலும் தலா 25% கூட வைத்திருந்தால்தான் சமம். சண்டை தொடங்கி 5 நொடியில் ஒருவரை ஒன்றுகூடி வீழ்த்துவது, மொத்த அணிக்கும் மாதக்கணக்கில் கியர் சேர்த்ததற்கு நிகர். ஒரே இலக்கை எல்லாரும் அடியுங்கள் என்று குழுத் தலைவர்கள் தொண்டை வறளக் கத்துவது இதனால்தான்.

இந்த வர்க்க விதி உடைகிற இடங்களும் இருக்கின்றன. குறுகிய வாசலில் ஒரு நேரத்தில் இரண்டு பேர்தான் அடிக்க முடியும் என்றால் வர்க்கம் போய்விடும், தனி ஆளின் தரம் மேலே வரும். பரப்பு முழுக்க விழும் அடிக்கு இலக்கு வரம்பு இல்லை என்றால் கூட்டமாக நிற்பதே ஆபத்து. குறைந்த ஆட்கள் உள்ள அணி தேட வேண்டியது இந்த இரண்டு சூழ்நிலைகளை. திறந்த வெளியில் மோதிவிட்டுக் கியரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

கியருக்கு விளையாட்டே கடிவாளம் போடும் விதத்துக்கு விண்கப்பல் விளையாட்டான ஈவ் ஆன்லைன் நல்ல உதாரணம். ஒரே பண்பைக் கூட்டும் மாட்யூலை (கப்பலில் மாட்டும் கருவியை) அடுக்கினால் முதலாவது முழுப் பலன், இரண்டாவது சுமார் 87%, மூன்றாவது 57%, நான்காவது 28%. நான்காவதை மாட்டுகிறவர் அந்த இடத்தை வீணடிக்கிறார். அதோடு பீரங்கிக்குச் சுழலும் வேகம் என்று ஒன்று உண்டு. விலை மலிந்த ஃபிரிகேட் (சிறு கப்பல்) ஒன்று பெரிய பேட்டில்ஷிப்பை ஒட்டி வட்டமடித்தால், அந்தப் பெரிய பீரங்கி திரும்பிச் சேர்வதற்குள் இது இடம் மாறியிருக்கும். பேட்டில்ஷிப்பிடம் டிரோனோ, வேகத்தை இழுக்கும் வெப்போ இல்லாவிட்டால் அத்தனை விலையும் வேடிக்கை பார்க்கும். தூரமும் கோணமும் அங்கே கியரை வெல்கின்றன. தூரம் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதுதான் அந்த விளையாட்டில் திறமை.

மருத்துவச்சி:

ஹீலர் இருக்கும் சண்டையை யாரும் தொடவில்லை. அங்கே கணக்கு வேறு மாதிரி நடக்கும்.

எதிரணி நொடிக்கு 1,000 அடிக்கிறது, ஹீலர் 900 நிரப்புகிறார். மிச்சம் இறங்குவது 100. எதிரணி கியர் 10% கூடினால் 1,100 − 900 = 200. இறங்கும் வேகம் இரட்டிப்பாகிவிட்டது. ஹீலரின் கியர் 10% கூடியிருந்தால் 1,000 − 990 = 10. இறங்குவது கிட்டத்தட்ட நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும் இடத்தில்தான் சிறு கியர் வித்தியாசம் பூதாகரமாகத் தெரியும். ஹீலருக்கு எதிராக ஆடும்போது எல்லாக் கியரும் வீண் என்றோ, 10 சதவீதத்தில் எல்லாம் மாறிவிட்டது என்றோ மக்கள் சொல்வது இந்தக் கழித்தலால் வருவது.

ஆனால் அதே மேசையில் திறமையையும் வையுங்கள். ஹீலர் மேல் ஒரு 3 நொடி ஸ்டன் சுத்தமாக விழுந்தால் 2,700 ஹீல் காணாமல் போகிறது. அடிக்கும் அணியின் 10% கூடுதல் கியர் (நொடிக்கு 100) அதே 2,700-ஐத் தர 27 நொடி எடுக்கும். அதனால் அரீனாவில் (சிறு அணிகள் மோதும் களத்தில்) நான் முதலில் பார்ப்பது கியர் மதிப்பெண்ணை இல்லை. ஹீலர் எத்தனை நொடி கட்டுண்டு கிடந்தார், அந்த நொடிகளில் எதிரணியின் பர்ஸ்ட் (குறுகிய நேரத்தில் குவியும் பெரும் அடி) சேர்ந்து விழுந்ததா, தனியாக விழுந்ததா என்பதை.

இப்போது கிளாஸ் சமநிலை. கியரை முழுக்கச் சமமாக்கிய விளையாட்டுகளைப் பாருங்கள். கில்ட் வார்ஸ் 2-ன் கட்டமைக்கப்பட்ட பிவிபியில் எல்லாரும் 80-வது லெவல், சேர்த்த கியர் அங்கே செல்லாது. ஃபைனல் ஃபேன்டஸி 14-ன் பிவிபியிலும் ஐட்டம் லெவலுக்கு வேலை இல்லை. அங்கெல்லாம் சண்டை சச்சரவு தீர்ந்துவிட்டதா? கிளாஸ் பஞ்சாயத்து இன்னும் சத்தமாக நடக்கிறது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2016-ல் லீஜியனில் பிவிபிக்கு நிலையான புள்ளி டெம்ப்ளேட் (விளையாட்டே தரும் பண்பு அளவுகள்) கொண்டுவந்தது. 2018-ல் அடுத்த விரிவாக்கத்தில் அதை எடுத்துவிட்டது. உழைத்துச் சேர்த்த பொருள் சண்டையில் தெரியவில்லை என்ற வருத்தத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். அதுவும் நியாயமான ஆசைதான். ஆனாலும் ரேட்டிங் (திறமை மதிப்பெண்) போட்டிக்குக் கியர் சமமாக இருக்க வேண்டும், திறந்த உலகச் சண்டைக்குக் கியர் தெரிய வேண்டும் என்பதே என் கட்சி. இரண்டையும் ஒரே விதியில் கட்டினால் இரண்டு பக்கமும் கெடும்.

"இந்த கிளாஸ் ஓபி" என்று சொல்லும்முன் எந்த ரேட்டிங்கில் என்று கேளுங்கள். லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் அசீர் போன்ற பாத்திரம் சாதாரண ஆட்டங்களில் வெற்றி விகிதம் தாழ்ந்து கிடக்கும். தொழில்முறைப் போட்டிகளில் விரும்பி எடுப்பார்கள். கற்கக் கடினம், கற்றால் பலன் பெரிது. இதற்கு நேர்மாறாக, மறைந்து வந்து அடிக்கும் கிளாஸ் கீழ் ரேட்டிங்கில் அரக்கன் போல இருக்கும். நிழலம்பு சொன்ன ட்ரிங்கெட் ஒழுங்கு பழகியவர்கள் மத்தியில் அதே கிளாஸ் சுமாராகிவிடும். ஒரே எண்ணை வைத்து இரண்டையும் நெர்ஃப் செய்தால் ஒரு பக்கம் கட்டாயம் உடையும். ஒண்டிக்கு ஒண்டி டூயலில் எல்லாக் கிளாஸும் சமமாக இருக்க வேண்டும் என்ற கோரிக்கையும் அப்படித்தான். குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை என்று வடிவமைத்த விளையாட்டில், டூயலில் ஒன்றை ஒன்று மிஞ்சத்தான் செய்யும்.

மின்னல்வாள்:

அருமை. 1.44 கணக்கும் 27 நொடிக் கணக்கும் இதுவரை எங்கும் பார்க்காதவை. கடைசிக் கேள்வி மட்டும் பாக்கி. லாக்கை வைத்துக் காரணம் பிரிப்பது எப்படி? நண்பர்கள் இருவர் உட்கார்ந்து கியரின் உண்மை எடையைச் சோதித்துப் பார்க்க முடியுமா? 20 டூயல் போட்டால் போதுமா?

நிழலம்பு:

லாக் விஷயம் நான் சொல்றேன். ஒரு சாவை வெச்சு முடிவு கட்டாதீங்க, அஞ்சு சாவு எடுங்க. ஒவ்வொண்ணுக்கும் கடைசி 10 நொடியை மட்டும் பிரிச்சு வைங்க. அதுல மூணு விஷயம் தேடுங்க. செத்தப்ப தற்காப்பு பட்டன் ஏதாவது தயாரா சும்மா கிடந்துச்சா? ட்ரிங்கெட் எந்த நொடியில போச்சு, அப்ப எதிரி பஃப் ஏத்தியிருந்தானா? நீங்க ஸ்டன்ல இல்லாத நொடிகள்ல எத்தனை குளோபல் கூல்டவுன் காலியா விட்டீங்க?

தற்காப்பு பட்டன் தயாரா இருக்கும்போதே செத்திருந்தா அது கை. எல்லாத்தையும் சரியான வரிசையில செலவழிச்சு, எதிரி முழு பர்ஸ்ட்டும் ஏத்தாமலே விழுந்திருந்தா அது கியர். எல்லாம் சரி, எதிரி கியரும் உங்க அளவுதான், ஆனா அவனோட ஒரு கட்டுப்பாட்டுக்கு உங்க கிளாஸ்ல பதிலே இல்லைன்னா அதுதான் கிளாஸ். ஒரு எச்சரிக்கை: சில லாக்ல "தடுக்கப்பட்டது", "தவறியது"ங்கிற வரிகளை வடிகட்டி மறைச்சு வெச்சிருப்பாங்க. அதைத் திறந்து வெக்கலேன்னா காலி நொடின்னு தப்பா எண்ணிடுவீங்க.

கணக்குப்பிள்ளை:

20 டூயல் போதாது. சரிசமமான இருவர் 20 தடவை மோதினாலே தற்செயலால் வெற்றி விகிதம் 11% இப்படியும் அப்படியும் ஆடும். அதுபோல் இரண்டு மடங்குவரைகூட ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 13-7 என்ற முடிவு எதையும் நிரூபிக்காது. 100 ஆட்டத்தில் அந்த ஊசலாட்டம் 5% ஆகும், 400-ல் 2.5%. 55 சதவீத வெற்றி விகிதத்தைத் தற்செயலிலிருந்து பிரிக்கக் குறைந்தது 400 ஆட்டமாவது வேண்டும். பெரிய கியர் வித்தியாசத்துக்கு 100 போதும்.

சோதனையை இப்படி வையுங்கள். இருவரும் ஒரே கிளாஸ், ஒரே பில்ட் (திறன்களின் தேர்வு), ஒரே தொடக்க தூரம். பாட்டில் மருந்து கிடையாது. ஒவ்வொரு சுற்றுக்கும் முன் எல்லா கூல்டவுனும் திரும்பி வரக் காத்திருங்கள். இருவரும் ஒரே அளவு கியரில் 100. பிறகு ஒருவர் உயர்ந்த கியரில் 50, அதே உயர்ந்த கியரை மற்றவர் போட்டு 50. கியரை மாற்றிப் போடாமல் விட்டால் கியரும் கையும் கலந்துவிடும், பிரிக்கவே முடியாது. பிங்கையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் 30-லும் மற்றவர் 150-லும் இருந்தால் நீங்கள் அளப்பது இணைய இணைப்பை.

முடிவை, ஆட்டக்காரரின் திறமையை அளக்கச் செஸ்ஸில் பயன்படும் எலோ புள்ளியாக மாற்றினால் கையையும் கியரையும் ஒரே தராசில் வைக்கலாம். 64% வெற்றி என்றால் 100 புள்ளி வித்தியாசம், 76% என்றால் 200, 91% என்றால் 400. சம கியரில் ஒருவர் 64% ஜெயித்தால் கை வித்தியாசம் 100 புள்ளி. உயர்ந்த கியரைப் போட்டவர் இரண்டு பக்கமும் சேர்த்து 76% ஜெயித்தால் அந்தக் கியர் சுமார் 200 புள்ளி. அப்போது சொல்லலாம், இந்த விளையாட்டில் இந்தக் கியர் இவர்கள் இருவரின் திறமை வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்கு எடை என்று.

கிளாஸை இதில் கலக்காதீர்கள். அதற்குத் தனியாக, கியர் சமமாக வைத்து, இருவரும் கிளாஸை மாற்றிக்கொண்டு இன்னொரு 200 ஆட்டம் போட வேண்டும். சோதனை நடுவில் பேட்ச் (விளையாட்டில் புதிய திருத்தம்) வந்துவிட்டால் அதுவரை எண்ணியதைத் தனித் தாளுக்கு மாற்றிவிடுங்கள். பேட்ச் எண்ணைத் தலைப்பில் எழுதி வையுங்கள். பழையதும் புதியதும் கலந்த 100 ஆட்டம் எந்தக் கேள்விக்கும் பதிலாகாது.